மூடியை முட்டியவர்கள்

மாந்தர் குலம் முழுமைக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: மனிதன் ஏன் இப்படி இருக்கிறான் என்ற கேள்விக்குச் செவ்வாய்க் கோளின் செம்பொழில் குடியிருப்பில் இன்று, திங்கட்கிழமை, விடை வெளியாகும்.

விடைதான் இன்னும் கிடைக்கவில்லை. அறிவிப்பைப் பிறப்பனுபவ ஆய்வகத் தலைவர் முனைவர் ஞானசுந்தரம் முன்கூட்டியே எழுதி, கண்ணாடி முன் நின்று வாசித்தும் பார்த்துவிட்டார்.

செம்பொழிலில் யாரும் பிள்ளை சுமப்பதில்லை. குழந்தை கருக்கலத்தில் வளரும். வெளியே வரத் தயாரானதும் உள்ளிருந்து மூடியை முட்டும். மூடி உடனே திறந்துகொள்ளும். இதமான வெளிச்சம், பின்னணியில் வீணை. முட்டியதும் திறக்கும் உலகில் பிறப்பவன் ஆயுள் முழுக்கப் பொறுமைசாலியாக இருப்பான் என்பது ஞானசுந்தரத்தின் கோட்பாடு. அதற்காக மூன்று கோள்களில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.

சங்கடம் என்னவென்றால், அப்படிப் பிறந்த ஒரு பிள்ளைக்கும் பொறுமை கிடையாது. லிஃப்ட் வருவதற்குள் கதவை இடித்தார்கள். வண்டியிலிருந்து இறங்குகிறவர்களை உள்ளே தள்ளிக்கொண்டே ஏறினார்கள். போன வாரம் ஊரின் காற்று வெளியேறாமல் காக்கும் காற்றடைப்பு அறையில் முண்டியடித்ததில் ஊரே மூச்சுக்குத் திணறியது. இன்றைக்குள் காரணம் சொல், இல்லாவிட்டால் ஆய்வகத்தை மூடு என்றுவிட்டது நிர்வாகம்.

ஆகவே, பிறப்பைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசியவர் முதல் முறையாக ஒரு பிறப்பைப் பார்க்க வந்தார். சொந்த மகள் நிறைமதியின் குழந்தை.

'டொக்' என்று மூடி அதிர்ந்தது. ஞானசுந்தரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயையோ, ராகு காலம்! இதை நிறுத்த வழியே இல்லையா?"

"இருக்கு சார்," என்றாள் செவிலி சகாயராணி. "உங்க டிசைன்ல இல்ல. எல்லாரும் கேக்குறாங்கன்னு மூடி திறக்காம இருக்க நாங்களே ஒரு பட்டன் வெச்சுட்டோம்."

அமுக்கினார். உள்ளே முட்டல் பலத்தது. பிறகு உதை.

"எல்லாருமேவா?" என்றாள் நிறைமதி. "பொறந்த புள்ளைங்க எல்லாமே இப்படித்தான் முட்டிக்கிட்டுக் கெடந்துச்சா?"

"ஆமா மேடம். ராகு காலம் இல்லன்னா எமகண்டம். அதுவும் இல்லன்னா நட்சத்திரம் மாறட்டும்பாங்க."

செவ்வாயிலேயே குடியிருந்துகொண்டு செவ்வாய் தோஷம் பார்த்துக் கல்யாணம் செய்யும் ஊர் அது.

ஞானசுந்தரம் துள்ளிக் குதித்தார். "கெடச்சாச்சும்மா! முதல் கதவு காக்க வெச்சா, அப்புறம் ஆயுசுக்கும் எந்தக் கதவையும் நம்ப மாட்டான்! நம்ம ஆய்வகம் பொழச்சுது!"

"அப்போ திறங்கப்பா! அவன் உதைக்கிறது கேக்கலையா?"

பொத்தான் வரை போன கை திரும்பி வந்தது.

"இவ்வளவு நேரம் பொறுத்துட்டான், இன்னும் பத்து நிமிஷம்தானே? ஆராய்ச்சி வேற, நம்ம வீட்டுப் புள்ள வேற."

ராகு காலம் கழிந்து பிறந்த பேரன், முதல் வேலையாகத் தாத்தாவின் மூக்கில் உதைத்தான்.

மூக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு விடையை அறிவிக்க அவர் மேடைக்குப் போனபோது எமகண்டம் தொடங்கியிருந்தது. மறுநாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. நிர்வாகமும் காத்திருக்கச் சம்மதித்தது.