மணி இல்லாத சைக்கிள்

சிதம்பரத்தில் காற்றடித்துக்கொண்டு கிளம்பிய பின்சக்கரம், புதுச்சத்திரம் வருவதற்குள் இரண்டு தரம் இறங்கிவிட்டது. முன்சக்கரம் கல் மாதிரி இருந்தது.

"டியூப்ல ஓட்ட இல்ல," என்றார் சைக்கிள் கடைக்காரர், தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட்டு. "ஒரு குமிழி வரல. என்னா மூட்ட ஏத்துன?"

"ஒண்ணும் ஏத்தல. காலிக் கேரியர்."

"காலியா? யார்கிட்ட கத வுடற? ஸ்போக் கம்பி ரெண்டு முறிஞ்சிருக்கு. ஆள ஏத்திக்கிட்டு மேடு பள்ளத்துல ஓட்டுனாப்ல இருக்குது. ஆமா, பெல் எங்க? போலீஸ்காரன் புடிச்சா கேஸ் போடுவான்."

ராஜமாணிக்கம் காசைக் கொடுத்துவிட்டு ஏறி மிதித்தான்.

ஐப்பசி மழை காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தாலும் வானம் சட்டியின் அடிபோல் கறுத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்களின் சேற்று வாசனையும், நனைந்த புளிய மரங்களின் பட்டை வாசனையும், கிழக்கேயிருந்து வந்த உப்புக் காற்றும் கலந்து மூக்கில் ஏறியபோது, அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. பச்சை மூங்கில் எரிகிற புகை. பாடை கட்டுகிற மரத்தை இந்தப் பக்கத்தில் யாரும் அடுப்பில் வைப்பதில்லை. அந்தப் புகையை அவன் ஒரே ஒரு இடத்தில்தான் முகர்ந்திருக்கிறான்.

சிதம்பரத்துக்குப் போயே இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை தங்கச்சி புருசன் தேவநாதனுக்குத் தலைத்திவசம். லாரி டிரைவர் சுப்புராயனை நேரில் அழைத்துவிட்டு வரச் சொல்லித் தங்கச்சி கொளஞ்சியம்மாள்தான் அனுப்பினாள். கல்வராயன் மலையில் மரம் வெட்டப் போன தேவநாதன் காய்ச்சலில் கிடக்கிறான் என்று போன வருசம் வந்து சொன்னவர் அந்தச் சுப்புராயன்தான்.

அழைப்பைக் கேட்டுக்கொண்டு, அவர் பீடியைப் பற்றவைத்தார்.

"கேக்கணும்னே இருந்தேன். உன் மச்சான எந்த எடத்துல பொதச்ச?"

"ஊத்துக்குப் பக்கத்துல. கடுக்கா மரத்தடியில."

"அதான் கொழப்பமா இருக்குது. அந்த மரத்தடியில ஒரு ஆளு அஞ்சு நாளு உக்காந்து சைக்கிள் பெல் அடிச்சிக்கிட்டே இருந்தான்னு மலைக்காரனுவோ சொல்றானுவோ. நோய்க்காரன்னு பயந்து ஒருத்தனும் கிட்ட போவலையாம். ஆறாம் நாள் சத்தம் நின்னுபோச்சு. போய்ப் பாத்தா ஆளக் காணும். கீழ எறங்கற பாதையில கால இழுத்துக்கிட்டுப் போன தடம்தான் இருந்துச்சாம்."

"அது வேற எவனாச்சும் இருக்கும்."

"இருக்கும்." சுப்புராயன் அவனுடைய சைக்கிளின் கைப்பிடியை ஒரு நிமிசம் பார்த்தார். "வெள்ளிக்கிழம வர்றேன். உன் தங்கச்சிகிட்டயும் சொல்லணும்ல."

எதிர்காற்று. பெடல் கனத்தது.

ஊரே மெச்சிய பயணம் அது. கடலூரிலிருந்து பண்ருட்டி, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் என்று வந்து, அதற்கப்புறம் மலைக்குள் இரண்டு நாள், சைக்கிளைப் பாதி ஓட்டியும் பாதி தோளில் தூக்கியும் போனான். அட்டை கடித்த கால், மலைச் சரிவில் தேய்ந்த பிரேக் கட்டை, ஒரு மனுசக் குரலும் கேட்காத காடு. ஒற்றை ஆளாகப் போய் ஒற்றை ஆளாக வந்தவன் என்று, அவன் மூட்டை தூக்குகிற துறைமுகத்தில் பேர். போகும்போது ஒற்றை ஆள்தான். வரும்போது ஒரு பகல் முழுக்க இரண்டு பேர்.

மூங்கில் குடிசையில் தேவநாதன் தனியாகக் கிடந்தான். கூட இருந்தவர்கள் காய்ச்சலுக்குப் பயந்து ஓடியிருந்தார்கள். வாசலில் ஒரு பச்சை மூங்கில் புகைந்துகொண்டிருந்தது. அவனைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைத்து, விழாமலிருக்க இரண்டு கைகளையும் தன் வயிற்றுக்கு முன்னால் இழுத்துச் சேர்த்து, துண்டால் கட்டினான். துறைமுகத்தில் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர, தானாக அவிழாது. முதுகில் அவன் நெற்றி, சுட்ட ஓடு மாதிரி.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. இரண்டு தரம் பள்ளத்து விளிம்பு வரை போய்த் திரும்பினார்கள். மூட்டை தூக்கிப் பிழைத்தவனுக்கு ஒன்று தெரியும்: பாரம் ஆளைச் சாய்ப்பதற்கு முன்னால் ஆள் பாரத்தைப் போட்டுவிட வேண்டும். மூட்டைக்கு அது சரி. ஊற்றுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, முடிச்சில் கை வைத்தான்.

"கட்ட அவுக்காத மச்சான்," என்றான் தேவநாதன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கீழ போயி மாட்டு வண்டி இட்டாறேன். இந்தா, இத வச்சுக்க. யாராச்சும் வந்தா அடி." சைக்கிள் மணியைக் கழற்றி அவன் கையில் வைத்து, கடுக்காய் மரத்தில் சாய்த்து உட்கார வைத்தான்.

முதல் வளைவிலேயே மணி அடித்தது. யாரும் வந்திருக்கவில்லை. இவனைத்தான் கூப்பிட்டது. இவன் வேகமாக இறங்கினான்.

கச்சிராயபாளையத்தில் வண்டி கேட்டது நிசம். காய்ச்சல்காரனுக்கு வண்டி வராது என்று வண்டிக்காரர் சொன்னதும் நிசம். ஒரே ஒருத்தரைக் கேட்டான். பிறகு கிளப்புக் கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். விடிந்ததும் சைக்கிளைக் கிழக்கே திருப்பினான். அவ்வளவுதான். வீட்டு வாசலில் தங்கச்சி முகத்தைப் பார்த்ததும், "பொதச்சிட்டு வந்தேன்" என்று வாய் தானாகச் சொன்னது. பதினாறாம் நாள் தாலியை அறுத்தார்கள். கணக்குப் பார்த்தால், அந்த மரத்தடியில் மணிச் சத்தம் ஓய்வதற்கு முன்னாலேயே இங்கே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிட்டது.

ஆலப்பாக்கம் தாண்டியது. தூறல் நின்றது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று நிறுத்திவிட்டன.

கிணிங்.

திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நனைந்த சட்டை குளிர வேண்டும். ஒரே ஓர் இடம் சுட்டது. நெற்றி அகலத்துக்கு.

"மச்சான்," என்றான். "வீட்டுக்குப் போனதும் கொளஞ்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். சத்தியம். எறங்கிக்க."

பெடல் லேசாயிற்று. அவ்வளவு லேசாக அந்தச் சைக்கிளை அவன் ஒரு வருசமாக மிதித்ததில்லை. அழுகை வந்தது. சொல்லிவிடலாம். அடிப்பாள், காறித் துப்புவாள். துப்பட்டும்.

ஓ.டி. என்கிற கடலூர் பழைய பட்டணத்து முனை டீக்கடையில், துறைமுகத்து ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"பாருங்கடா, ஒத்த ஆளா மல ஏறுனவரு வர்றாரு!"

"மச்சானுக்காவ எவன்டா போவான் அவ்ளோ தூரம்? நீ போவியா? பொண்டாட்டி கூப்ட்டாலே திண்டிவனம் தாண்ட மாட்ட."

சிரிப்பு. ராஜமாணிக்கமும் சிரித்தான். சிரித்து, கையையும் தூக்கினான். சுப்புராயன் ஒரு குடிகாரன், அவன் பேச்சை நம்பாதே என்று இன்றைக்கே தங்கச்சியிடம் சொல்லிவைத்தால் போதும் என்று தோன்றியது.

பின்சக்கரம் ரிம்மோடு தரையில் இடித்தது.

இறங்கித் தள்ளலாம் என்று காலை ஊன்றினான். இறங்க முடியவில்லை. இடுப்பில் ஏதோ பிடித்தது. மிதித்தான். சந்து. சாக்கடை. கருவாட்டு வாசனை. அதற்குள் மூங்கில் புகை. இன்னும் நாலு வீடு. இன்னும் இரண்டு.

சைக்கிள் வாசலில் நின்றது.

கதவு திறந்திருந்தது. உள்ளே அகல் எரிந்தது. ஒரு இலை போட்டுச் சோறு வைத்திருந்தது. ஒன்றுதான். கொளஞ்சியம்மாள் வாசலுக்கு வந்தாள். ஒரு வருசமாக வெறுமையாய் இருந்த நெற்றியில் குங்குமம், ஈரம் காயாமல்.

"கொளஞ்சி, நான் ஒண்ணு சொல்லணும்..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். புது மணப்பெண் மாதிரி தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

"எல்லாம் அவரே சொல்லிட்டாரு," என்றாள் மெதுவாக. "ஏண்ணா அப்படியே ஒக்காந்திருக்க? கட்ட அவுத்து வுடு. அவரு எறங்கட்டும்."

ராஜமாணிக்கம் குனிந்து பார்த்தான். வயிற்றுக்கு முன்னால் அவனுடைய பழைய துண்டு, அவனே போட்ட முடிச்சு. அதற்குள் இரண்டு கைகள், தோல் கறுத்து, நகங்களில் மலையின் சிவந்த மண். முடிச்சில் விரலை நுழைத்து இழுத்தான். இறுகியது. இன்னும் இழுத்தான்.

கட்டிய கைகளுக்கு நடுவே, அவன் தொப்புளுக்கு மேலே, மணி அடித்தது.