நாலாவது ஆள்

பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஆட்டோ நின்றபோது வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை. மீன் வாடையும் ஈர மணலின் வாடையும் காற்றில் கலந்து வந்தன. ஸ்வர்ணலதா முதலில் இறங்கி, ஒரு கையில் தாரணியையும் மறு கையில் ஸ்ரீஹரியையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக எங்கே போனாலும் அவள் இப்படித்தான் இறங்குகிறாள். பையைத் தோளில் ஏற்றுவது, காசு எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் பாட்டிலைத் திறப்பது எல்லாவற்றையும் அந்தப் பிடியை விடாமலே செய்யப் பழகியிருந்தாள்.

வருகிற சனிக்கிழமை பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். கணவன் மகேஷ் கூட இருந்த காலத்தில் ஒவ்வொரு கோடையிலும் "அடுத்த லீவுல போலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். பிறகு அவனே விலகிப் போய்விட்டான். விவாகரத்து ஆன பின்பு கோயம்புத்தூரிலிருந்து எப்போதாவது போன் வரும். பார்க் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "ஒத்தையா ரெண்டையும் எப்படிச் சமாளிப்ப? கூட்டத்துல ஒண்ணைத் தொலைச்சிட்டு வந்து நிக்காத."

வேடிக்கையாகத்தான் சொன்னான். அவளுக்கு அது தூக்கத்திலும் கேட்டது.

பார்க்கில் செயற்கை அலை அடிக்கும் குளம் ஒன்று இருந்தது. ஐந்து வயது ஸ்ரீஹரிக்குத் தண்ணீர் என்றாலே பயம். அவனைக் கொஞ்சம் பழக்கலாம் என்றுதான் இந்தக் கடற்கரை. அருகிலேயே குடியிருந்த ஜானகியும் வந்து சேர்ந்துகொண்டாள். தி. நகர் நகைக்கடையில் ஸ்வர்ணாவுக்குப் பக்கத்து கவுண்டர் அவளுடையது.

"இன்னாடி, மூணு பேரா கெளம்பப் போறியா?" என்றாள் ஜானகி. "நல்லது கெட்டதுக்கு மூணு பேரா போவக் கூடாது, தெரியும்ல?"

"எங்க வீட்டுல இருக்கறதே மூணு பேருதான். நாலாவதுக்கு எங்க போறது?"

"ஒரு கல்ல எடுத்துப் பையில போட்டுக்க. நாலாவது ஆள் வந்த மாதிரி."

"கல்லுக்கும் டிக்கெட் கேட்டா?"

"கேக்கமாட்டான். சோறும் வாணாம். மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காது. எங்க வூட்டுக்காரருக்கு அது எவ்ளோ மேல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஸ்ரீஹரி சிரிக்கவில்லை. அண்ணாந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் தள்ளி, தண்ணீரோரம், ஒரு குடும்பம் பத்தாம் நாள் காரியம் செய்துகொண்டிருந்தது. மொட்டை அடித்த சின்னப் பையன் ஒருவன், இடுப்பில் நிற்காத ஈர வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்கினான். ஸ்ரீஹரி வயதுதான் இருக்கும். அந்த வயதில் கொள்ளி வைத்தவனைப் பார்க்க ஸ்வர்ணாவுக்கு மனம் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தண்ணீருக்கு வர மறுத்த ஸ்ரீஹரியை ஜானகியிடம் விட்டுவிட்டு, தாரணியோடு அலைக்குள் இறங்கினாள்.

திரும்பி வந்தபோது ஜானகி போனில் பேசிக்கொண்டிருந்தாள், ஸ்ரீஹரி மணலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். கால்சட்டைப் பை ஈரமாகப் புடைத்திருந்தது. கிளிஞ்சல் பொறுக்கியிருப்பான் என்று நினைத்தாள். அந்தக் குடும்பம் அதற்குள் போய்விட்டிருந்தது.

அன்று மதியம், மந்தைவெளியில் அவர்கள் குடியிருந்த பழைய மாடி வீட்டில், தாரணி பிளாஸ்டிக் நாற்காலிகளை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று போட்டு ரயில் செய்தாள். ஒன்பது வயதுக்காரியிடம் எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது.

"எல்லா ரைடுலயும் ரெண்டு ரெண்டு பேராத்தான்மா உக்காரணும். நீ தம்பி கூட உக்காந்தா நான் தனி. என் கூட உக்காந்தா அவன் தனி. அவனைத் தனியா விடமாட்டாங்க."

"நீ பெரிய பொண்ணுல்ல? முன்னாடி உக்காரு. நாங்க பின்னாடியே இருப்போம்."

"எப்பவும் நான்தானா?"

ஸ்ரீஹரி பின் வரிசை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினான். "நீ அக்கா கூட உக்காரும்மா. நான் அவங்க கூட உக்காந்துக்கறேன்."

"யாரு கூட?"

"நாலாவது ஆள் கூட."

தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்வர்ணாவும் சிரித்தபடியே நாற்காலிகளை எடுத்து அடுக்கினாள். ஸ்ரீஹரிக்குப் பக்கத்து நாற்காலியைத் தூக்கும்போது அவள் கை நனைந்தது.

இருக்கையின் குழிவில் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலை உதட்டில் வைத்துப் பார்த்தபோது உப்புக் கரித்தது. அதில் கறுப்பாக ஏதோ மிதந்தது. விரலில் ஒட்டியெடுத்துப் பார்த்தாள்.

எள்.

அன்றைக்குச் சமையலில் எள் போட்டோமா என்று யோசித்தாள். பிறகு அரிசி ஊறப்போட வேண்டியிருந்தது, மறந்துபோனாள்.

அந்த வாரம் முழுவதும் சமையலறை ஜன்னலில் காக்கைகள் வந்து உட்கார்ந்தன. சோறு வைத்தாலும் தொடவில்லை. கத்தவும் இல்லை. உள்ளே எதையோ எதிர்பார்த்துக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தன.

ஸ்ரீஹரி மட்டும் ஒரே வாரத்தில் வளர்ந்துவிட்டவன் போலிருந்தான். ஊட்டிவிடச் சொல்லி அடம்பிடிக்கவில்லை. சட்டைப் பொத்தான்களை ஒன்றுகூட மாற்றாமல் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பாத்ரூமுக்குத் துணைக்குக் கூப்பிடவில்லை. சொல்லக் கூச்சம்தான், ஆனால் அவளுக்கு அது ஒத்தாசையாகக்கூட இருந்தது. கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு ஒரு வேலை குறைந்தால் நிம்மதிதானே?

வியாழக்கிழமை காலை அவன் தலையைப் பார்த்தாள்.

எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. ஸ்வர்ணா எப்போதும் இடது பக்கம் வகிடு எடுப்பாள். இந்த வகிடு வலது பக்கம் இருந்தது, நூல் பிடித்தாற்போல. நல்லெண்ணெய் வாசனை அடித்தது. அந்த வீட்டில் யாரும் தலைக்கு நல்லெண்ணெய் வைப்பதில்லை.

"அக்கா வாரிவிட்டாளா?"

தலையை ஆட்டி இல்லை என்றான்.

"பின்ன யாருடா?"

"அவங்க பையனுக்கு இப்படித்தான் வாருவாங்களாம்," என்றான். "இப்ப அவனுக்கு முடியே இல்லையாம்மா. பாவம்."

அவள் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. சத்தம் கேட்டு ஜன்னலில் இருந்த காக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பின.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பை அடுக்கினாள். நீச்சல் உடை, துண்டு, தொப்பி, மாற்றுத் துணி. ஸ்ரீஹரியின் சின்னப் பைக்குள் கை விட்டபோது விரல்கள் ஈரத்தில் பட்டன.

கல்.

உள்ளங்கை அகலம், கருத்த கல். இடுக்குகளில் எள் ஒட்டியிருந்தது. ஒரு தர்ப்பை நுனி வாடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பைக்குள் இருந்த துணியெல்லாம் காய்ந்திருக்க, கல் மட்டும் இப்போதுதான் கடலிலிருந்து எடுத்ததுபோல் சொட்டியது.

என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா இறந்தபோது இப்படி ஒரு கல்லை நட்டு, பத்து நாளும் எள்ளும் தண்ணீரும் விட்டதை அவள் பார்த்திருக்கிறாள். போன உயிர் அதில் வந்து தங்கும். கடைசி நாள் அதைக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் கூடவே வந்துவிடும் என்பார்கள்.

"ஸ்ரீ, இதை எங்கேருந்துடா எடுத்த?"

"அந்த மொட்டைப் பையன் பின்னாடி தூக்கிப் போட்டான். தண்ணி வரைக்கும் போகல. மணல்லயே விழுந்துச்சு. யாருமே திரும்பிப் பாக்கல." அவன் குரல் தணிந்தது. "அவன் அம்மா மட்டும் அங்கேயே நின்னு அழுதாங்க. நாமதான் மூணு பேரா இருக்கோமே. அதான் வாங்கன்னு கூப்பிட்டேன்."

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். போன் பண்ணி வரச் சொல்லியிருந்த ஜானகி கடற்கரையில் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"நான் வெளையாட்டுக்குத்தான்டி சொன்னேன்."

"இவங்க கையை விடாம பிடிச்சிக்க. நான் வர வரைக்கும் விடாத."

தனியாகத் தண்ணீரோரம் போனாள். மாலை வெயிலில் கடல் பித்தளை நிறத்தில் கிடந்தது. இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் இறங்கிக் கல்லை வீசினாள். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை.

திரும்பி நடந்தாள்.

அலை பின்வாங்கும் ஓசைக்கு நடுவே ஒரு விசும்பல் கேட்டது. ஈரத் துணி காலில் தட்டும் ஓசை. அவள் எட்டு வைத்தால் அதுவும் எட்டு வைத்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. நல்லெண்ணெய் வாசனை கழுத்துப் பக்கம் வந்து அண்டியது.

"அம்மா," என்று பின்னாலிருந்து ஒரு குழந்தைக் குரல் கூப்பிட்டது.

ஸ்ரீஹரியின் குரல்தான். ஆனால் ஸ்ரீஹரி எதிரே நின்றுகொண்டிருந்தான், ஜானகியின் கையைப் பிடித்தபடி. அவன் வாய் அசையவில்லை. ஸ்வர்ணா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கழுத்து நரம்பு புடைத்து வலித்தது.

கடைசி வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகளைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஸ்ரீஹரி அவள் தோளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மலர்ந்தது. ஜானகி பிடிக்காத கையை உயர்த்தி, விரல்களை மடக்கி மடக்கி, வா என்று சைகை காட்டினான்.

பார்க் பயணத்தை நிறுத்திவிடலாமா என்று அவள் நினைக்காமல் இல்லை. ஆனால் அன்று இரவு ஸ்ரீஹரி பழையபடி அவள் வயிற்றில் கால் போட்டுத் தூங்கினான். காலையில் ஊட்டிவிடச் சொல்லி அழுதான். ஜன்னலில் ஒரு காக்கையும் இல்லை. முடிந்தது என்றே நம்பினாள். டாக்ஸி ஓட்டிய ஹபீபுர் ரஹ்மான் வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். தாரணி கூடவே பாடினாள்.

பார்க்கில் நல்ல கூட்டம். இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள். அலைக்குளத்தில் முதல் அலை வந்தபோது ஸ்ரீஹரி துளிக்கூடப் பயப்படவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் கவனித்தாள். அவள் பிடிக்காத அவனுடைய இன்னொரு கை, தண்ணீருக்கு மேலே, தோள் உயரத்தில் தூக்கியபடியே நின்றது. விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன.

சட்டென்று அவனை வெளியே தூக்கினாள். "வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா, ப்ளீஸ்!" தாரணி அதற்குள் குட்டி ரயிலின் வரிசையில் போய் நின்றுகொண்டாள். அவளைப் பிடிக்கப் போனபோது கூட்டம் இவர்களையும் முன்னால் தள்ளிவிட்டது.

"ரெண்டு ரெண்டு பேரா வாங்க," என்றான் ரயிலை ஓட்டும் இளைஞன். "பையன் பக்கத்துல பெரியவங்க உக்காரணும்."

"நாங்க ஏறலைங்க," என்று ஸ்வர்ணா ஸ்ரீஹரியை இழுத்தாள்.

அவன் கையை உருவப் பார்த்தான்.

"வலிக்குது ஆன்ட்டி. கையை விடுங்க."

இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். "தம்பி, இவங்க யாரு?"

ஸ்ரீஹரி அவளை ஏறிட்டுப் பார்த்தான். பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பது போல, மரியாதையாக, கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தெரியாது."

"டேய், லூசு! அம்மாடா!" தாரணியின் குரல் உடைந்தது. "எங்க அம்மாதான் அண்ணா! இவன் என் தம்பி!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இளைஞன் குழம்பிப்போய் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஸ்வர்ணா இருவரையும் இழுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி ஓரமாக வந்தாள். வெயில் சுட்ட சிமெண்ட் தரையில் முட்டி போட்டு அவன் முகத்தருகே குனிந்தாள். அவன் வகிடு வலது பக்கம் மாறியிருந்தது.

"ஸ்ரீ. என்னைப் பாரு. நான் யாருடா?"

அவன் பக்கத்தில் திரும்பி, மேலே அண்ணாந்து, ஏதோ கேட்டுக்கொண்டான். பிறகு அவளிடம் திரும்பி, அழுகிறவர்களுக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. அக்காவை நீங்களே வெச்சுக்கலாமாம். அம்மா சொல்றாங்க."

ஸ்வர்ணா அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். மறுபக்கத்திலிருந்து யாரோ அவனை இழுத்தார்கள். அவசரமே இல்லாமல், கை நோகாதபடி, பிள்ளை வளர்த்த ஒருத்தி இழுப்பது போல.