யாரும் எழுதாத ரிஜெக்ட்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கோவை கணபதியில் எல்லோருடைய டீயும் ஆறிப்போகும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் மாட்டியிருக்கும் பணிக்கணிப்பானின் திரையையே பார்ப்பார்கள். அடுத்த ஐந்து வருடத்தில் எந்த மாவட்டத்துக்கு எந்தத் தொழிலில் எத்தனை பேர் தேவை என்று அது சொல்லும். பூஜ்ஜியம் விழுந்தவர்கள் மூன்று மாதத்தில் வேறு மாவட்டத்துக்கு மூட்டை கட்ட வேண்டும். சட்டம் அப்படி.

இன்று கோவைக்குக் கடைசல்காரர் நானூறு, டூலிங் ஆய்வாளர் பூஜ்ஜியம்.

பட்டறையில் கடைந்த அச்சுகளை அளந்து பார்க்கும் அந்த ஆய்வாளர்களில் செண்பகவல்லியும் ஒருத்தி. கணவர் வேலை, மகள் பள்ளிக்கூடம், எல்லாம் இங்கேதான். பட்டறைக்குள் நுழைந்ததும் கணிப்பானிடமே காரணம் கேட்டாள்.

"ஆறு ஆண்டுகளாகக் கோவையில் ஒரு நிராகரிப்பும் பதிவாகவில்லை. பிழையே இல்லாத இடத்தில் ஆய்வாளர் தேவையில்லை" என்றது அது, மிக மரியாதையாக.

பிழை இல்லையாமே! தானாகவே அளக்கும் தன்னளவி இயந்திரங்கள், கடைந்த அச்சைச் சூட்டோடு அளந்து பச்சை விளக்கைப் போட்டுவிடும். இரும்பு குளிர்ந்தால் துளை சுருங்கும். அவள்தான் கல்மேடையில் ஒரு மணி நேரம் குளிரவிட்டு அளப்பாள். பிசகு இருந்தால் கடைசல்காரர் காதில் போடுவாள். அவரும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவார். ரிஜெக்ட் எழுதினால் அவர் பெயரில் ஏறும். கூட வேலை செய்கிறவரைக் காட்டிக்கொடுப்பதா என்று ஊரில் எந்த ஆய்வாளரும் எழுதியதில்லை. அந்த நல்ல மனசு இப்போது அவர்கள் தலையிலேயே கல்லைப் போட்டிருந்தது.

அன்றும் கடைசல்காரர் வெள்ளிங்கிரியின் அச்சில் பிசகு.

"அண்ணா, துளை எட்டு மைக்ரான் சின்னதுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"நில்லு அம்மிணி. அதை எழுது."

"எழுதுனா உங்க பேர்ல ஏறுமுங்கண்ணா. பத்து ஏறுனா லைசென்ஸே போயிருமுங்க."

"ஒண்ணுதானே ஏறுது? நீ போயிட்டா என்ற தப்பை யாரு புடிக்கறது, அந்தப் பச்சை லைட்டா? நீ எழுது. நான் போய் மத்தவங்களையும் கூட்டியாறேன்."

அவள் திரும்பி வந்து ரிஜெக்ட் எழுதினாள். சாயங்காலத்துக்குள் கணபதியின் பட்டறைகளில் கடைசல்காரர்கள் தங்கள் பிழைகளை எழுதச் சொல்லி ஆய்வாளர்கள் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமை திரையில் கோவைக்கு ஆய்வாளர் எழுபத்திரண்டு என்று வந்தது. செண்பகவல்லி வாய்விட்டு அழுதாள்.

வெள்ளிங்கிரி திரையைப் பார்க்கவே இல்லை. தன் லைசென்ஸில் ஏறியிருந்த ஒற்றைச் சிவப்புப் புள்ளியை டீக்கடை முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கங்க, எங்க அம்மிணி புடிச்சது."