தீவு மனைப் பத்திரம்

முப்பத்திரண்டு வருடம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற சர்வேயர் அவர். துப்பறிவாளரின் அறைக்கு வந்தவர், மடியில் வைத்திருந்த குடையின் கைப்பிடியையே பார்த்தபடி பேசினார்.

"தீவுல ஒரு மனை வாங்கினேன் சார். இங்க கார் நிறுத்துற இடத்துக்குக் கேக்கிற விலைக்கு அங்க வீடு கட்டுற இடமே கிடைக்குது. இப்ப பீரோவுல இருந்த பத்திரத்தைக் காணோம். பூட்டு உடையல. மனையோட வரைபடமும் அதுலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போறதா இருந்தோம்."

"நீங்க அளந்து பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்று உதவியாளர் ஆர்வமாகக் கேட்டார்.

சர்வேயரின் காது சிவந்தது. "போட்டோதான் பார்த்தேன்."

அதை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளை மணல், நான்கு எல்லைக் கற்கள், தள்ளி நீலக் கடல்.

"யார் மேல சந்தேகம்?" என்றார் துப்பறிவாளர்.

"என் மச்சினன். என் பேச்சைக் கேட்டுப் பக்கத்து மனையை வாங்கினவன். என்னோடது மூலை மனை. அது மேல அவனுக்கு ஒரு கண்ணு. நேத்து எல்லார் முன்னாடியும் அவனைத் திருடன்னு சொல்லிட்டேன்."

மாலையில் துப்பறிவாளரும் உதவியாளரும் சர்வேயர் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் துப்பறிவாளர் குனிந்து ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பைப் பார்த்தார். வார்களில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

"சுண்ணாம்பா சார்?" என்றார் உதவியாளர். துப்பறிவாளர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

உள்ளே மைத்துனன் ஜன்னலோரம் நின்றிருந்தான். சர்வேயரின் மனைவி டீயை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "அந்தச் சேத்து நிலத்துக்காகவா என் தம்பியைத் திருடன்னு சொன்னீங்க?"

"மச்சினன்தான் சார். உட்காரக்கூட மாட்டேங்கிறார் பாருங்க" என்று உதவியாளர் கிசுகிசுத்தார்.

"திருடன்னு சொன்ன வீட்டுல யார் உட்காருவாங்க?" என்றார் துப்பறிவாளர்.

பிறகு போட்டோவை அந்த அம்மாளிடம் நீட்டினார். "இதுல சேறு எங்கம்மா இருக்கு?"

அவள் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது.

"படத்துல இருக்கிறது வெள்ளை மணல். உங்க வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் தெரிஞ்சது அவ்வளவுதான். சேறுன்னு சொல்லணும்னா நேர்ல பார்த்திருக்கணும். உங்க செருப்பு வாருல பூத்திருக்கிறது உப்பு. கடல் தண்ணியில நனைஞ்சு காய்ஞ்ச செருப்பு. பீரோ சாவி உங்க இடுப்புல இருக்கு. பத்திரம் இல்லேன்னா ஞாயித்துக்கிழமைப் பயணம் நின்னுடும்னு நினைச்சீங்க."

அவள் தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து பத்திரத்தை எடுத்துவந்து வைத்தாள்.

"போன வாரம் தோழி வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் படகேறினேன். படத்துல இருக்கிற இடமே வேற. நம்ம மனை வெறும் சேறு. தினமும் ரெண்டு தடவை கடல் ஏறி கல்லு முங்கிடுது. ஊருக்கெல்லாம் அளந்தவர் தன் நிலத்தைப் பார்க்காம வாங்கினார்னு நாலு பேர் சிரிக்கக் கூடாதுன்னுதான் ஒளிச்சேன். தம்பி மேல பழி வந்தப்பவும் வாயைத் திறக்கல. அதுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது."

சர்வேயர் எழுந்தார். மைத்துனனின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். "உன்னைத் திருடன்னு சொன்னேன். உன்னை அந்தச் சேத்துல இறக்கினதும் நான்தான்."

மைத்துனன் அக்காவிடம் திரும்பினான். "ஆத்துப் பாலத்துல நடக்கவே என் கையைப் பிடிச்சுப்பியே. தனியாவா படகுல போனே?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் போனேன்."

துப்பறிவாளர் உதவியாளரின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார். சர்வேயர் நின்ற இடத்திலேயே நின்றார். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.