பூங்காவில் நசுங்கிய தேசிக்காய்

"நாலு மணிக்கு வெல்டிங்காரன் வாறான், கிருஷ்ணராஜ். அதுக்குப் பிறகு என்ட மனிசன் வெளியிலதான்!"

யோசெப்பின் டீச்சர் உட்காரக்கூட இல்லை. கதையைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ஒரு மாதமாக வெள்ளவத்தைக் கால்வாயோரப் பூங்காவில் எவனோ விடியற்காலையில் ட்ரெயில் பைக் ஓட்டிப் புல்தரையை உழுதுகொண்டிருக்கிறான். காவலாளி வருவதற்குள் ஆள் மாயம். பொலிசில் இரண்டு முறைப்பாடு, பதில் இல்லை. இப்போது பூங்காக் குழுத் தலைவர் சத்தியநாராயணன் வாசலில் இரும்புத் தடுப்புப் போடப்போகிறார். ஓர் ஆள் ஒடுங்கித்தான் நுழையலாம். டீச்சரின் கணவர் அல்போன்ஸ் பக்கவாதக்காரர். அவருடைய சக்கர நாற்காலி நுழையாது. நாள் முழுக்க அறைக்குள் கிடக்கும் அந்த மனிதருக்கு மாலையில் அந்த ஒரு மணி நேரம்தான் உலகம்.

காப்புறுதிக் கம்பனிக்காக முப்பது வருடம் விபத்துகளை ஆராய்ந்து ஓய்வுபெற்ற கிருஷ்ணராஜ் குடையை எடுத்தார். அவரிடம் தொழில் பழகும் டெனிஷா அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

மழை முதல்நாள் இரவே விட்டிருந்தது. புல்லில் அன்று காலைச் சுவடுகள், ஒரே சேறு.

"வெளிப் பொடியன்கள்தான் சேர்!"

"முதல்ல வாசல் சீமெந்தைப் பார், பிள்ளை."

சீமெந்தில் செருப்புத் தடங்கள் இருந்தன. டயர்க் கோடு ஒன்றுகூட இல்லை.

"இவ்வளவு சேத்தோட பறந்தா போனவன்?" என்றாள் டெனிஷா.

கிருஷ்ணராஜ் பூங்காவின் பின்பக்கம் நடந்தார். அங்கே நாலு வீடுகளின் பின்மதில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கேற். மதிலோர நடைபாதையில் தடங்களைக் காலை நடைக்காரர்கள் மிதித்துக் குழப்பிவிட்டார்கள். ஆனால் புல் தொடங்கும் இடத்தில், டயர்த் தடத்துக்குள், நசுங்கிய தேசிக்காய் ஒன்று கிடந்தது. எலுமிச்சைத் தோலில் குங்குமம்.

"நேற்று ஆயுத பூசை!" டெனிஷா துள்ளினாள். உடனே முகம் சுருங்கியது. "கொழும்பில எத்தனை வண்டிக்குப் பூசை செய்திருப்பினம் சேர்?"

"செய்யட்டும். பூசையில டயருக்குக் கீழ தேசிக்காய் வைப்பினம். வண்டி கிளம்பேக்க நசுங்கி டயரில ஒட்டும். எவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்டு வரும்?"

"பத்து யார் வந்தாலே பெரிய விஷயம். வெளியில காலி வீதியால வந்திருந்தா எப்பவோ விழுந்திருக்கும்."

"ரெண்டு டயருக்கும் ரெண்டு தேசிக்காய். ஒண்டு இஞ்ச கிடக்கு. மற்றது எந்தக் கேற்றுக்கு உள்ள கிடக்கெண்டு எட்டிப் பார்."

முதல் இரண்டு கேற்றுகளில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

அவர்கள் வாசலுக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. பாழாய்ப்போன வெல்டிங்காரன் முன்னதாகவே வந்து வேலையை முடித்திருந்தான். தடுப்புக்கு வெளியே அல்போன்ஸ் நாற்காலியில் இருந்தார், பின்னால் டீச்சர். தலைவரைச் சுற்றி அயலவர்கள் நின்றார்கள்.

கிருஷ்ணராஜ் குரலை உயர்த்தாமல் தலைவரிடம் டயர்க் கோடில்லாத சீமெந்தையும் தேசிக்காயையும் பற்றிச் சொன்னார். "ஒரு மாசமா மறைச்சு வச்ச வண்டி. ஆனா ஆயுத பூசையண்டைக்கு அதைச் சும்மா விட உங்களுக்கு மனம் வரேல்ல. மற்றத் தேசிக்காய் உங்கட பின்கேற்றுக்குள்ள கிடக்கு, ஐயா."

சத்தியநாராயணனின் முகம் வெளிறியது. "என் மகன் ராமை ரோட்டுல ஓட்ட விட்டா பயமா இருக்குங்க. பஸ்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவான். ஒத்தப் பிள்ளை..."

"அப்ப இந்த இரும்பு ஆருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"எல்லாரும் ஏதாச்சும் செய்யச் சொல்லிக் கேக்கிறாங்க... சரிங்க, வெட்டிடலாம். ஆனா குழு கூடி முடிவெடுக்கணும். அடுத்த மாசம்தான் கூட்டம்."

அதைக் கேட்டதும் கிருஷ்ணராஜுக்கே நிதானம் தவறப் பார்த்தது. டீச்சர் நாற்காலியைத் திருப்பித் தலைவரின் வீட்டை நோக்கித் தள்ளினார்.

"எங்க போறீங்க?"

"உங்கட மகன் போற வழியாலதான். பைக் போற இடத்தால இவர் போகமாட்டாரோ? முன்கேற்றைத் திறவுங்கோ."

அயலவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தலைவர் திறந்தார். பக்கச் சந்தில் சேறு காய்ந்த பைக் வழியை மறித்து நின்றது. அதையும் அவரே தள்ளி ஒதுக்கினார். அல்போன்ஸ் பின்கேற்றால் பூங்காவுக்குள் போனார்.

"நாளைக்கும் வருவம். நாளையிண்டைக்கும் வருவம். குழு ஆறுதலாக் கூடட்டும்," என்றார் டீச்சர்.

குழு மறுநாள் காலையே கூடியது.