துலுக்காதே, ராசு

துப்பட்டாவை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

யோகலட்சுமி ஒரு கணம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நகராட்சிப் பூங்காவில் ஊஞ்சலுக்குச் சண்டை போடும் பிள்ளைகளும், நடைபாதையில் கைவீசி நடக்கும் பெரியவர்களுமாகக் கோவில்பட்டியில் பாதி அங்கேதான் இருந்தது. இத்தனை பேர் நடுவில் இவ்வளவு துணிச்சலா... யாரவன்? இரண்டாவது இழுப்பு வந்தபோது, எழுந்து திரும்பிய வேகத்தில் கையையும் ஓங்கிவிட்டாள்.

எதிரே இரண்டு மஞ்சள் கண்கள். செம்மறிக் கிடா ஒன்று துப்பட்டாவின் ஓரத்தை நிதானமாக மென்றபடி, இவள் எதற்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்பதுபோலப் பார்த்தது.

"ஏலே ராசு... விடுல. விடுங்கேன்ல."

கயிற்றின் மறுமுனையோடு ஓடி வந்தவனின் கண்களைத்தான் அவள் முதலில் பார்த்தாள். அது தொழில் புத்தி. மெயின் ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணுக்குப் பவர் பார்ப்பதுதான் அவள் வேலை. எத்தனையோ கண்களுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தவள்... இந்தக் கண்களுக்கு மழை குடித்த கரிசல் மண்ணின் நிறம். சிரிப்பை அடக்கும்போது ஓரம் சுருங்கியது. இடது கண்ணில் லேசாகப் பவர் இருக்கும் என்று மூளை சொன்னது. மனசும் ஏதோ சொல்லத்தான் செய்தது. அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பிடிக்கத் தெரியாதவங்க ஆட்டை எதுக்குப் பார்க்குக்குக் கூட்டிட்டு வருதீங்க?" என்றாள்.

"நாயைச் சங்கிலி போட்டுக் கூட்டிட்டு வரணும்னுதான் வாசல்ல எழுதியிருக்கு. கிடாயைப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

"துணியைத் தின்னும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"துணியெல்லாம் திங்காது. இன்னைக்குத்தான்... ஏன்னு தெரியல" என்று துப்பட்டாவைப் பார்த்தான். பச்சை நிறம்! கிடாயின் மேல் தப்பில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சண்டை முடிந்துபோகும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

அதற்குள் அவளுடைய அப்பா கண்ணுசாமி, வயதான நாய் டைகரைச் சங்கிலியோடு இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். டைகர் கிடாயின் கொம்பைப் பார்த்ததும் அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கண்ணுசாமி ஒரு காலத்தில் எட்டயபுரம் பக்கம் ஆடு வைத்திருந்தவர். மகள் துப்பட்டா கிழிந்ததைப் பற்றி அவர் விசாரிக்கவே இல்லை. கிடாயின் முதுகை அமுக்கிப் பார்த்தார், உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார், கடைசியில் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டார்.

"நேந்துவிட்ட கிடால்லா இது?"

"ஆமா அண்ணாச்சி" என்றவன் வேறு பக்கம் பார்த்தான். இவ்வளவு நேரம் கண்ணோரத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று காணாமல் போயிற்று.

எதற்கு நேர்ந்தது என்பதை அவனுடைய அம்மா சீனித்தாய்தான் சொன்னாள். அடுத்த பெஞ்சில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவள், பேச ஆள் கிடைத்ததும் நகர்ந்து வந்து உட்கார்ந்துவிட்டாள். மகன் பேர் மணிராஜ், பஞ்சாலையில் பிட்டர். அப்பா இல்லாத பிள்ளை. சில வருஷம் முன்னால் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது, குளத்தூர்ப் பக்கம் இருக்கும் குலதெய்வத்துக்கு அவள் நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து நடமாடி, அவனுக்கு ஒரு கல்யாணமும் முடிந்துவிட்டால் கிடா வெட்டுகிறேன் என்று. சாமி தன் பங்கைச் செய்துவிட்டது. அவளும் ஒரு குட்டியை வாங்கி வளர்க்கத் தொடங்கிவிட்டாள். கல்யாணம்தான் அமையவில்லை. ஒருத்தி ரொம்ப உயரம் என்றானாம், இன்னொருத்தி ஊர் ரொம்பத் தூரம் என்றானாம்...

யோகலட்சுமி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மணிராஜ் மண்டியிட்டு, கிடாயின் முன்னங்காலைத் தன் தொடைமேல் வைத்து, குளம்பில் குத்தியிருந்த நெருஞ்சி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவனுக்குக் கல்யாணம் என்றால் அதற்குச் சாவு. பொண்ணுங்க உயரமும் இல்லை, ஊர்த் தூரமும் இல்லை... ஒரு கிடாய்க்காக இந்த ஆள் கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிறான்!

பைத்தியம்தான் என்று நினைத்தாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்றும் நினைத்தாள்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வாகை மரத்தடியில் அவர்கள் பெஞ்சு நிறைந்துவிடும். கண்ணுசாமியும் சீனித்தாயும் பேச்சுவாக்கில் சொந்தபந்தம் விசாரித்ததில், சுற்றி வளைத்து முறை கூட வந்தது. டைகர் பயம் தெளிந்து ராசுவின் நிழலில் படுக்கப் பழகிவிட்டது. யோகலட்சுமி பச்சைத் துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். மணிராஜ் அதைக் கவனித்து, ராசு வருத்தப்படுதான் என்று சொன்னான். ராசுவுக்கு மட்டும்தான் வருத்தமா என்று கேட்க வாய் வந்தது அவளுக்கு... கேட்கவில்லை.

ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. கிளம்பும் முன் அவன் ராசுவைக் குழாயடிக்குக் கூட்டிப் போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவான். அது தலையிலிருந்து வால் வரை உடம்பைச் சிலிர்த்து உதறும். உடனே அவன் முகம் தொங்கிவிடும். ஆட்டைக் குளிப்பாட்டினால் அது உதறத்தானே செய்யும், அதற்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று அவள் கேலி செய்தால், காலி வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவான்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், பையன் துறைமுகத்தில் வேலை. கண்ணுசாமி மகளிடம் கேட்டார். அவள் மணிராஜிடம் போய்ச் சொன்னாள்.

"வார ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வாராங்க."

அவன் கயிற்றைக் கையில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். "கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியுமா?"

"எதுக்கு?"

"இப்பச் சொல்ல முடியல யோகா..."

முதல் தடவையாக 'யோகா' என்றிருக்கிறான். அதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை. இவ்வளவு நாளும் தானாகவே ஏதேதோ கற்பனை செய்துகொண்டோமா? இவனுக்குக் கிடாயை விட்டால் வேறு நினைப்பே கிடையாதா?

"சொல்ல முடியாத காரணத்துக்கு நான் எதுக்குக் காத்துக் கிடக்கணும்?" என்று எழுந்தாள். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம், அவர்களை வரச் சொல்லுங்கள் என்றாள். ஒரு செம்மறிக் கிடாயிடம் தோற்றுப்போனதை வெளியே சொல்ல முடியுமா? அன்றைக்கு டைகருக்குச் சோறு வைக்கும்போது அழுதாள்.

புதன்கிழமை மத்தியானம், சீனித்தாய் கடைக்கு வந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். யோகலட்சுமி மனசுக்குள் இருந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அவளை உட்கார வைத்து, கண்ணில் பிரேமை மாட்டினாள். எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தபோதுதான் பார்த்தாள். சீனித்தாயின் உள்ளங்கை இரண்டும் மஞ்சளாக இருந்தன. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன. வீட்டில் விசேஷமா என்று கேட்டாள்.

சீனித்தாய் கடையைச் சுற்றிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

"யார்ட்டயும் சொல்லிராத தாயி. வெட்டுறதுக்கு முந்தி கிடா மேல மஞ்சத்தண்ணி தெளிப்பாவல்லா... அதுக்குத்தான்."

யோகலட்சுமிக்குத் தெரியாத வழக்கம் இல்லை. மஞ்சள் தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காமல் நின்றுவிட்டால் அந்தக் கிடா சாமிக்கு வேண்டாம். கத்தி வைக்க மாட்டார்கள்.

"அவன் ஷிப்டுக்குப் போன பெறவு தெனமும் ஊத்திப் பழக்குதேன். ஒரு நாளாவது துலுக்காம நிக்குதான்னு பார்க்கேன்... மாட்டேங்குது" என்றாள் சீனித்தாய். "புட்டியில பால் குடுத்து வளத்தது தாயி. நானே நேந்துட்டு நானே வேண்டாம்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? சாமி கோவத்துல எம் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? அதான் பொண்ணு வீட்டுக்காரவிய வந்தா, ஜாதகம் சேரலைன்னு நானும் சொல்லி அனுப்பிருதேன். அவனுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பான்..."

அதற்கு மேல் அவள் சொன்னது யோகலட்சுமியின் காதில் விழவில்லை. குழாயடி கண் முன்னால் வந்தது. வாளி வாளியாகத் தண்ணீர்... தொங்கிப்போன முகம்... கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியுமா... ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவள், தன் கண்ணெதிரே நடந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். நெஞ்சில் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் அவன்தான் இருந்தான்.

"கண்ணாடியை நாளைக்குப் போடலாம் அத்தை. என்கூட வாங்க" என்றாள்.

முதலாளிக்குப் போன் போட்டு அனுமதி கேட்டு, கடையைச் சாத்திவிட்டு ஆட்டோ பிடித்தாள். அவன் அந்த வாரம் காலை ஷிப்டு. இந்நேரம் வேலை முடிந்து பூங்காவில்தான் இருப்பான் என்று ஒரு நம்பிக்கை. வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கரிசக்காட்டில் மேகம் கறுத்ததையெல்லாம் நம்பிவிட முடியாது. ஆனாலும் மழைக்குப் பயந்து பூங்கா காலியாகக் கிடந்தது.

குழாயடியில் அவன் இருந்தான். யோகலட்சுமி சீனித்தாயின் கையைப் பிடித்து, வேப்ப மரத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தினாள்.

"துலுக்காதல ராசு" என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு வாட்டி சும்மா நில்லுல. ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு போயிரும்ல... அதுக்குப் பெறவு நான் என்னல செய்வேன்?"

வாளியைக் கவிழ்த்தான். ராசு நின்றது. கண்ணை மூடித் திறந்தது. மூவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, கொம்பிலிருந்து வால் வரை ஒரு துலுக்குத் துலுக்கியது. மணிராஜ் ஈர சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சீனித்தாய் முன்னால் போய் நின்றாள். "ஏலே மணி... நீயுமால?"

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். மஞ்சள் படிந்த அந்தக் கைகளைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், காலையில் ஒருவர் சாயங்காலம் ஒருவர் என்று பாவப்பட்ட ஒரு கிடாயை ஊறப்போட்டிருக்கிறார்கள்!

"சாமிய ஏய்க்கவா பார்த்தோம்?" என்று சீனித்தாய் கண்ணைத் துடைத்தாள். "போதும்ல. செவ்வாக்கிழமை குளத்தூருக்குப் போறேன். பொங்கல் வைக்கேன், முடி இறக்குதேன்... இந்தக் கிடாயை மட்டும் எனக்கே விட்டுருன்னு நேருக்கு நேரா கேட்டுருதேன். பெத்தவ கேட்டா அதுக்குப் புரியாதா?"

முதல் தூறல் விழுந்தது. அவள் ராசுவை ஓட்டிக்கொண்டு காவலாளி அறைப் பக்கம் ஒதுங்கினாள். போகிறபோது மகனையும் யோகலட்சுமியையும் ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடி இல்லாமலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

காய்ந்து வெடித்த மண்ணில் துளி பட்டு வாசம் கிளம்பியது. இரண்டு பேரும் ஒதுங்கவில்லை. அவன் இமைகளில் மழை தங்கி நின்றது.

"சாமி ஒத்துக்கிடலைன்னா?" என்றான் மெதுவாக. "அதை வெட்டிட்டு உங்க கழுத்துல தாலி கட்டினா, உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரத்தம்தான் ஞாபகம் வரும். உங்களுக்கு அது அநியாயம்லா... அதான் சொல்லல."

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"பைத்தியக்காரன்னு நெனைப்பீங்கன்னு..."

"அது மொத நாளே நெனச்சாச்சு. அப்பவே பிடிச்சும் போச்சு."

சொல்லிவிட்டாள். திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"ஒத்துக்கிடலைன்னா கல்யாணம் வேண்டாம்" என்றாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்கனயே வந்து உக்காந்திருப்போம். தலை நரைச்சாலும் சரி. அதைக் கொன்னுட்டு வார வாழ்க்கை எனக்கும் வேண்டாம். ஆனா தூத்துக்குடிக்கு நான் போக மாட்டேன்."

அவன் பார்த்தான். அந்தப் பார்வையில் இப்போது ஒளிக்க எதுவும் இல்லை. "எனக்கு உங்களைக் கட்டிக்கிடணும் யோகா... உங்களை மட்டுந்தான்."

அவள் தலையை ஆட்டினாள். பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்து, அதில் மழை படாமல் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள். தூத்துக்குடிக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடும்படி கேட்டாள்.

"அந்தக் கிடாக்காரப் பையனா?" என்றார் கண்ணுசாமி.

"ஆமாப்பா."

"நேத்திக்கடன் இருக்கேம்மா..."

"தெரியும்பா. அவுகளும் அத்தையும் இங்க பார்க்குலதான் நிக்காங்க. கிடாயும் நம்மகூடத்தான் இருக்கும். இல்லைன்னா இப்படியே இருந்துக்கிடுதோம்."

மழை வலுத்தது.

"நனைஞ்சிட்டு நிக்காதீங்க" என்றார். "குடை எடுத்துட்டு வாரேன். அவிய அம்மாவை இருக்கச் சொல்லு."