நடுவில் ஒரு விளக்கு

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் அன்று கார்த்திகை விளக்கீடு. அங்கே ஆயிரம் என்று மொட்டையாக நிறுத்த மாட்டார்கள். மேலே ஒன்று சேர்த்தால்தான் மங்களம். அதனால் ஆயிரத்தொரு விளக்குகள்.

ஏற்பாடெல்லாம் சுதேஷ் அண்ணா. உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறவர். அதைத் தினமும் நாலு பேரிடமாவது சொல்லிவிடுவார். இருபத்தைந்து வரிசை, வரிசைக்கு நாற்பது விளக்கு என்று திட்டம் போட்டிருந்தார்.

தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் ஆளுக்குச் சில விளக்குகளாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசியாக வந்தவள் ஆறு வயதுச் சுதர்சினி. கையில் அவளே களிமண்ணில் செய்த விளக்கு. அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இதோட ஆயிரத்தொன்னு!" என்றார் சுதேஷ். "ஆனா பாப்பா, நாப்பது நாப்பதா வச்சா ஒன்னு மிஞ்சுது. ஒன் வெளக்க மட்டும் தண்ணிக்குழாய்கிட்ட வச்சிருவோமா?"

சுதர்சினியின் உதடு பிதுங்கியது.

திரி போட்டுக்கொண்டிருந்த யசோதினிக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பென்றாலும் கணக்கென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"அண்ணா, வேற மாதிரி அடுக்கினா எல்லாம் சேராதா?"

"சேராதும்மா. ஆயிரத்தொன்னு பகா எண். ரெண்டால போகாது, மூனால போகாது, அஞ்சாலயும் போகாது."

"ஏழால பாத்தீங்களா?"

சுதேஷ் தலையைச் சொறிந்தார். ஏழை அவர் மறந்தே போயிருந்தார்.

யசோதினி கண்ணை மூடிக்கொண்டாள். நூறு ஏழு எழுநூறு. மிச்சம் முந்நூற்றொன்று. அதில் நாற்பத்துமூன்று ஏழு. மீதியே இல்லை!

"போகுதுண்ணா! ஏழு வரிசை, வரிசைக்கு நூத்தி நாப்பத்திமூனு."

"அடேயப்பா! அவ்ளோ நீட்டுக்கு வச்சா தேயிலைக்குள்ளதான் போய் நிக்கணும்."

யசோதினி அசரவில்லை. நூற்று நாற்பத்துமூன்றையும் உடைத்துப் பார்த்தாள். பதினொன்றால் போனது. பதின்மூன்று வந்தது.

"அப்ப பதிமூனு வரிசை வைப்போம். ஏழு பதினொன்னு எழுவத்தேழு. வரிசைக்கு எழுவத்தேழு."

சுதேஷ் கைபேசியில் பெருக்கிப் பார்த்தார். ஆயிரத்தொன்று! "பகா எண்ணுன்னு யாரு சொன்னது?" என்று அவரே சிரித்துவிட்டார். கோலப்பொடியால் புதுக்கோடு போட ஆரம்பித்தார்.

"என் வெளக்கு எங்க?" என்று கேட்டாள் சுதர்சினி.

"நாப்பதுக்கு நடு கெடையாது. பதிமூனுக்கும் எழுவத்தேழுக்கும் இருக்கு," என்றாள் யசோதினி. சின்னவளின் கையைப் பிடித்து ஏழாவது வரிசைக்குக் கூட்டிப்போனாள். முப்பத்தொன்பதாவது இடத்தில் நின்றாள். "முன்னால எத்தனையோ பின்னால அத்தனை. இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை. இங்க வை!"

இருட்டியதும் முற்றம் முழுக்கச் சுடர்விட்டது. படம் எடுக்கப் பாறைமேல் ஏறியிருந்த சுதேஷ், அங்கிருந்து கத்தினார்.

"நடு வெளக்கு கொஞ்சம் சாஞ்சிருக்கு!"

"அது அப்படித்தான்!" என்று பெருமையாகத் திருப்பிக் கத்தினாள் சுதர்சினி.